நாற்பதுக்கு மேலும் கற்றுக்கொண்டே இருப்பது எப்படி

புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படாத ஆள் கிடையாது. ஜனவரியில் ஸ்போக்கன் இந்தி, விஜயதசமிக்கு வீணை, ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்குப் பதவி உயர்வு வந்த மறுவாரம் ஒரு ஆன்லைன் கோர்ஸ் என்று எல்லோரும் ஆரம்பித்துக்கொண்டேதான் இருக்கிறோம். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு சிலரிடம் மட்டும் அது நிஜமான அறிவாகச் சேர்ந்திருக்கிறது, மற்றவர்களிடம் பாதி எழுதிய நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அந்தச் சிலர் நம்மைவிட மூளைக்காரர்களா என்றால் பெரும்பாலும் இல்லை. அவர்களிடம் சில குணங்கள் உண்டு. பிறவியிலேயே வந்தவை போலத் தெரிந்தாலும் கிட்டப்போய்ப் பார்த்தால் எல்லாம் பழக்கங்கள்தான், அதனால் நாமும் ஏற்படுத்திக்கொள்ளலாம். "ஆர்வம் இருந்தால் போதும்" என்று முடித்துவிடும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன, அவற்றில் கைமண்ணளவும் மணற்கேணியும் தவறாமல் எட்டிப்பார்க்கும். இங்கே அந்த இரண்டுக்கும் லீவு.

வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பரீட்சை, அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரி நாட்கள் எல்லாம் தலையில் இருக்கும் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இருபது வயதில் படிப்பது வேறு. அப்போது பாடத்திட்டம், ஆசிரியர், பரீட்சைத் தேதி எல்லாவற்றையும் யாரோ ஏற்பாடு செய்து தருகிறார்கள். பிறகு அந்த ஏற்பாடு முழுவதும் நம் தலையில் விழுகிறது, அதைச் செய்துகொள்ளத் தெரிந்தவர்தான் கடைசிவரை படிக்கிறார்.

"தெரியாது" என்று சொல்ல வருகிறதா

முதல் குணம் இதுதான், எல்லாவற்றிலும் கஷ்டமானதும் இதுதான். உ.வே.சாமிநாதையர் கதை பலருக்குத் தெரியும், ஆனாலும் கற்பவர் என்ற கோணத்தில் ஒருமுறை பாருங்கள். 1880இல் அவருக்கு 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு முடித்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்துவிட்டது. அந்தக் காலத்துக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் ஒரு தமிழ் படித்தவருக்கு இல்லை. அந்த நேரத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை.

அந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? "அது சமண நூல், நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை" என்று ஒரு காரணம் சொல்லலாம், அல்லது கேட்டவர் போனபின் "முன்சீப்புக்கு என்ன தெரியும்" என்று முணுமுணுக்கலாம். சாமிநாதையர் பிரதி கிடைத்தால் படிக்கிறேன் என்றார். பிரதி வந்தது, படித்தார், பல இடங்கள் புரியவில்லை. சமண சமயச் செய்திகள் தெரியாமல் அந்தக் காப்பியம் திறக்காது. சைவச் சூழலில் வளர்ந்த அவர் கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களைத் தேடிப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். தமிழாசிரியர் பதவியில் இருப்பவர், வியாபாரம் பார்க்கும் குடும்பங்களிடம் போய்ப் பாடம் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அதற்குப் பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று வரிசையாக வந்ததெல்லாம் அந்த ஒரு "படித்ததில்லை"க்குப் பிறகுதான்.

இதை நம் அளவில் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், மொபைலில் இருந்தாலும் சரி. தினமும் எங்கேயாவது புரிந்த மாதிரித் தலையாட்டியிருப்போம் இல்லையா, அதில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். மீட்டிங்கில் சொன்ன ஒரு சுருக்கெழுத்து, டாக்டர் சொன்ன ஒரு டெஸ்ட் பெயர், செய்தியில் வந்த ரெப்போ விகிதம், ஏதாவது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றிரண்டை நீங்களே தேடிப் பாருங்கள், ஒன்றைத் தெரிந்த ஆளிடம் கேளுங்கள். கேட்பதுதான் முக்கியம், தேடிப் பார்ப்பது எல்லோரும் செய்வது.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. "ஜிஎஸ்டி எனக்குப் புரியவே இல்லை சார்" என்று ஆடிட்டரிடம் சொன்னால் அவர் சிரித்துவிட்டு டீ சொல்லுவார். "நாம் வசூலித்த வரி புரிகிறது, அதில் ஏற்கெனவே கொள்முதலில் கட்டிய வரியைக் கழிப்பதும் புரிகிறது, ஆனால் நமக்குச் சரக்கு கொடுத்தவர் ரிட்டர்ன் போடவில்லை என்றால் நமக்கு ஏன் சிக்கல்?" என்று கேட்டால் பேனாவை எடுத்து வரைந்து காட்டுவார். எதுவரை புரிந்தது, எங்கே நின்றது என்று சொல்லிக் கேட்பவருக்குத்தான் நல்ல பதில் கிடைக்கும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க முயலும்போதே பாதி சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம், உங்களைவிட வயதில் சின்னவர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். ஐம்பது வயது மேனேஜர் போன மாதம் சேர்ந்த பையனிடம் "தம்பி, இந்த பிவட் டேபிளை எனக்கு ஒரு தடவை மெதுவாகப் போட்டுக் காட்டுப்பா" என்று கேட்டால் ஒரு மரியாதையும் குறையாது. அந்தப் பையன் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லுவான், அவ்வளவுதான்.

நாலு பேர் பார்க்கத் தடுமாறுவது

கேட்பதில் இருக்கும் கூச்சத்தைவிடப் பெரியது செய்துபார்ப்பதில் இருக்கும் கூச்சம். நீச்சல், கார் ஓட்டுவது, வேறு மொழியில் பேசுவது, மேடையில் பாடுவது எல்லாம் முதலில் அசிங்கமாகத்தான் வரும். பெரியவர்கள் நிறையப் பேர் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள், திறமை போதாமல் நின்றவர்கள் குறைவு.

இதற்கு நம் ஊரில் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கம் கொடுத்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராம செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று பெரும் கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். சேலை கட்டிய நடுவயதுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்தால் ஊர் என்ன பேசும் என்று தெரியாதவர்கள் இல்லை அவர்கள், கேலியும் நடந்தது. ஆனால் தனியாக ஒருத்தி விழுந்தால் கேலி, நூறு பேர் ஒரே மைதானத்தில் விழுந்து எழுந்தால் அதற்குப் பெயர் பயிற்சி. இன்னொன்று, கற்றது மறுநாளே பயன்பட்டது. தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட பஸ்ஸுக்காகவோ வீட்டு ஆண்களுக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனபோது பலர் பாதியில் விடாததில் ஆச்சரியம் இல்லை.

ஆக, கூச்சம் அதிகம் உள்ள ஒன்றைத் தனியாகக் கற்காதீர்கள். உங்களைப் போலவே தடுமாறுகிற இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள். மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான நேரத்தில் சேருங்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் டால்பின் மாதிரிப் பாயும் நேரத்தில் வேண்டாம். கற்றதை அந்த வாரமே எங்கே பயன்படுத்தப் போகிறேன் என்று முதலிலேயே யோசித்து வையுங்கள். பதில் இல்லை என்றால் அது நல்ல ஆசைதான், ஆனால் இப்போதைக்கு ஆசை மட்டும்தான்.

புத்தகத்தை மூடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் உழைக்கிறவர்கள்கூடத் தோற்பது இங்கேதான். ஒரு அத்தியாயத்தைப் படிக்கிறோம், மஞ்சள் கோடு போடுகிறோம், பரீட்சைக்கு முன்னால் திரும்பப் படிக்கிறோம், மூன்றாம் தடவை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. அந்த "தெரிந்த மாதிரி" ஒரு ஏமாற்று. பார்த்த முகம் என்று தோன்றுவதற்கும் ஆளின் பெயரைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்குச் சிறு பாடப்பகுதிகளைக் கொடுத்து, சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள், சிலரைப் படித்தபின் தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து வைத்தால் நிலைமை தலைகீழ், மூடிவிட்டு எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். இதனால்தான் யாரும் இந்தப் பழக்கத்தை விடுவதில்லை, படிக்கும் நேரத்தில் அது சுகமாக இருக்கிறது.

இதை அமெரிக்காவிலிருந்துதான் இறக்குமதி செய்ய வேண்டும் என்பதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூலில், இலக்கணத்துக்குள் போவதற்கு முன்னாலேயே, பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்பது எப்படி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், ஆசிரியரிடம் திரும்பக் கேட்டல், தன்னைப் போன்றவர்களோடு பயிலுதல், வினாதல், வினாவியவற்றுக்கு விடை சொல்லுதல். ஓலைச்சுவடி கையில் எப்போதும் இருக்காது என்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை, நினைவுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். நமக்கு எல்லாம் மொபைலில் இருப்பதால் நினைத்துப் பார்க்கும் வேலை கையை விட்டுப் போய்விட்டது.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் எரிச்சலாக இருக்கும். பத்துப் பக்கம் படித்தீர்களா, வீடியோ ஒன்று பார்த்தீர்களா, உடனே மூடிவிட்டு வெற்றுத் தாளில் மூன்று நிமிடம் எழுதுங்கள். முக்கியமானது என்ன, அது ஏன் அப்படி, எனக்குப் புரியாதது எது. அழகாக எழுத வேண்டாம், வாக்கியம்கூட வேண்டாம். அப்புறம் திறந்து ஒப்பிட்டு, விட்டதை வேறு மையில் சேருங்கள். மறுநாள் மறுபடி ஒரு நிமிடம், மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து. இந்த இடைவெளிகள் தேவவாக்கு கிடையாது, கொஞ்சம் மறக்க ஆரம்பித்த நேரத்தில் இழுத்துக் கொண்டுவருவதுதான் நோக்கம்.

மொழி, மருந்துப் பெயர், சட்டப் பிரிவு மாதிரி மனப்பாடம் தேவைப்படுகிறவற்றுக்குச் சீட்டு முறை நல்லது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும், அங்கே அதைத் தாமதமாகப் பார்த்தால் போதும். தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்குத் திரும்பும், அதை நாளைக்கே பார்க்க வேண்டும். லைட்னர் என்ற எழுத்தாளர் 1970களில் இதை நாலு பேருக்குத் தெரிய வைத்தார், இன்று ஆன்கி என்ற இலவச மென்பொருள் இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறது. யாரோ தயாரித்த ஐயாயிரம் சீட்டுகளை டவுன்லோடு செய்யாதீர்கள். சீட்டு எழுதுவதே பாதிப் படிப்பு.

ஆடு மேய்வது போல மேயாதிருக்க

நன்னூலிலேயே மாணவர்களை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் கடைசி வகையில் ஒன்று ஆடு. எதிரே தழை நிறைந்த செடி நின்றாலும் அதில் வயிறு நிரம்ப மேயாமல், ஒரு வாய் கடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். எழுதும்போது யூடியூப் இல்லை, ஆனால் ஆள் அப்போதே இருந்திருக்கிறான்.

நம் ஊர் செவிலியர்கள் பலர் ஜெர்மனி போவதற்காக அந்த மொழி படிக்கிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகள் உண்டு. தேறுகிறவர்களையும் தேறாதவர்களையும் கவனித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். தேறுகிறவர் பெரும்பாலும் ஒரு பாடப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை முடித்திருப்பார், அந்தப் புத்தகம் சுமாரானதாகவே இருந்தாலும். தேறாதவர் மொபைலில் நாலு செயலிகள், ஏழு சேனல்கள், மூன்று டெலிகிராம் குழுக்கள் இருக்கும், எல்லாவற்றிலும் முதல் பாடம் மட்டும் தலைகீழாகத் தெரியும். எண்களும் வணக்கமும் நாலு விதமாகச் சொல்லுவார்.

அதனால், ஒரு நேரத்தில் ஒன்று. அந்த ஒன்றுக்கு ஒரு முதன்மை நூல் அல்லது ஒரு வகுப்பு, சந்தேகத்துக்கு மட்டும் இன்னொன்று. இடையில் "இதைவிட நல்லது" என்று எதைப் பார்த்தாலும் பெயரை மட்டும் குறித்துவைத்துவிட்டு வாருங்கள், இதை முடித்த பிறகுதான் அதைத் திறப்பது. நல்ல புத்தகத்தைத் தேடுவதும் படிப்பு மாதிரியே உணர்வு தரும், அதுதான் சிக்கல்.

சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் சொன்னதை முழுக்க உள்வாங்கினாலும் கால் பங்குதான் வரும், உடன் படிப்பவர்களோடு பயின்றால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரை. இதுவும் நன்னூல் கணக்குதான். துல்லியமான பின்னமா என்று சண்டை போட வேண்டாம், வரிசை சரியாக இருக்கிறது.

சொல்லிக்கொடுக்க மாணவர் வேண்டும் என்றில்லை. வீட்டில் ஒருவர் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டால் போதும், அவர் "ஏன்?" என்று இரண்டு முறை கேட்டால் இன்னும் நல்லது. யாரும் இல்லையென்றால் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை எழுதவோ விரிவாக்கவோ செய்யலாம். 2003இலிருந்து இயங்குகிறது, இன்றும் குறுங்கட்டுரையாகவே கிடக்கும் தலைப்புகள் எக்கச்சக்கம். அங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்பார்கள், "எங்கேயோ படித்தேன்" செல்லாது. ஆங்கிலத்தில் படித்த ஒன்றைத் தமிழில் விளக்க முயன்றால் உங்களுக்கு அது நிஜமாகப் புரிந்ததா என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே வெளிச்சமாகிவிடும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் சிலருக்கு நிபுணர் நாற்காலி பிடித்துப்போய், அதற்கு மேல் எதையும் மாற்றிக்கொள்ள மனம் வராது. டார்வின் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால் தாமதிக்காமல் உடனே குறித்துவைப்பார், ஏனென்றால் சாதகமானவற்றைவிட அவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன என்று கண்டிருந்தார். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். காலியாகவே இருந்தால் நீங்கள் எல்லாவற்றிலும் சரி என்று அர்த்தமில்லை, குறிக்கவில்லை என்று அர்த்தம்.

விட்டுப்போனால் திரும்புவது

வாழ்நாள் முழுக்கக் கற்பது என்று பேசுகிறவர்கள் "தினமும் ஒரு மணி நேரம், ஒரு நாளும் தவறாமல்" என்றுதான் சொல்லுவார்கள். குழந்தை பிறந்த வீட்டில், அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன மாதத்தில், மார்ச் கணக்கு முடிக்கும் ஆபீஸில் இது நடக்காது. நடக்காதபோது "எனக்கெல்லாம் இது சரிப்படாது" என்று மொத்தமாக மூட்டை கட்டிவிடுகிறோம். நீண்டகாலம் கற்பவர்களிடம் நான் கவனித்த குணம் விடாமல் செய்வதைவிட விட்டதைத் திரும்ப எடுப்பதுதான்.

ஐராவதம் மகாதேவன் வாழ்க்கையைப் பாருங்கள். 1930இல் பிறந்தவர், அறிவியலும் சட்டமும் படித்து 1954இல் ஐஏஎஸ் பணிக்கு வந்தவர். கல்வெட்டியல் அவர் கல்லூரியில் படித்த பாடம் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே குகைக் கல்வெட்டுகளில் இறங்கி, கரூர் பக்கத்துப் புகளூரில் உள்ள, தமிழ்-பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் சங்ககாலச் சேர அரசர்களின் பெயர்களைப் படித்துக்காட்டினார். 1966இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். அதோடு அதைத் தள்ளிவைத்துவிட்டு சிந்துவெளி எழுத்துகள் பக்கம் போனார், கம்ப்யூட்டரில் அந்தக் குறிகளையெல்லாம் அட்டவணைப்படுத்தி 1977இல் ஒரு பெரிய நூல் வந்தது. 1980இல் விருப்ப ஓய்வு, 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். ஒருவர் பழைய வேலையை மறந்துவிட இதைவிட நல்ல காரணங்கள் வேண்டுமா? 1990களில் திரும்பத் தமிழ்-பிராமிக்கு வந்தார். பழைய குறிப்புகளை நம்பி வீட்டிலிருந்தே எழுதாமல் அந்த வயதில் மறுபடி மலையேறிக் குகைகளுக்குப் போய்க் கல்வெட்டுகளை நேரில் சரிபார்த்தார். அவருடைய பெரிய நூல் 2003இல் வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நடுவில் இருந்த இடைவெளியை ஒரு தோல்வி என்று அவர் எண்ணியிருந்தால் அந்த நூல் இல்லை.

திரும்புவதற்கு வழி செய்ய வேண்டிய நாள், நிறுத்தும் நாள். இனி இரண்டு மாதத்துக்குத் தொட முடியாது என்று தெரிந்ததும் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதிவையுங்கள். எதுவரை வந்திருக்கிறேன், அடுத்து செய்ய நினைத்தது என்ன, எந்தச் சந்தேகம் பாக்கி, எந்தப் புத்தகம் எந்தப் பக்கம். அந்தத் தாளைப் புத்தகத்துக்குள்ளேயே செருகிவிடுங்கள். இரண்டு மாதம் ஒரு வருடமானாலும் அந்தத் தாள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

திரும்பும்போது முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இப்படித்தான் பலருக்கு எல்லா நூலிலும் முதல் ஐம்பது பக்கம் மட்டும் தெரிகிறது. முதலில் வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எழுதுங்கள், வெட்கப்படும் அளவுக்குக் குறைவாகத்தான் வரும், பரவாயில்லை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதிக் கோடு என்று இன்றும் பேசுகிறார்களே, அதுதான். முதல் சில மணி நேரத்தில் கிடுகிடுவென்று சரிந்து, பிறகு சரிவு மெதுவாகும். அவர் அதை அளந்த விதத்தைப் பலர் சொல்வதில்லை. மறந்துபோனதைத் திரும்பக் கற்க முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் குறைகிறது என்பதைத்தான் அளந்தார். அதாவது ஒன்றுமே நினைவில்லை என்று தோன்றினாலும் திரும்பக் கற்கும்போது நேரம் மிச்சமாகிறது, பழைய உழைப்பு எங்கோ உள்ளே இருக்கிறது. முதல் தடவை ஒரு மாதம் எடுத்ததற்கு இந்தத் தடவையும் ஒரு மாதம் ஆகும் என்று பயந்து ஒதுங்காதீர்கள்.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. புதுப் பெயர்களையும் எண்களையும் மனதில் ஏற்றும் வேகம் வயதானால் குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு புதியதை ஒட்டிவைக்கும் வசதி அனுபவசாலிக்கு அதிகம். முப்பது வருடம் ஜவுளி வியாபாரம் பார்த்தவர் பொருளாதாரம் படிக்கும்போது தேவை, அளிப்பு, கையிருப்பு என்பதெல்லாம் அவருக்கு முகம் தெரிந்த ஆட்கள். கல்லூரிப் பையனுக்கு அவை வரைபடத்தில் இரண்டு கோடுகள். எனவே முற்றிலும் அந்நியமான துறையில் ஆரம்பிப்பதைவிட உங்கள் தொழிலுக்கோ ஊருக்கோ பக்கத்தில் இருக்கும் ஒன்றில் ஆரம்பியுங்கள்.

நேரம், பணம், பொருள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்துகொள்ள முடிகிறவர் எழுந்துகொள்ளுங்கள், முடியாதவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம். இரவு பத்து மணிக்கு மேல் படிக்கிறேன் என்பது பொதுவாகத் தூங்கப் போகிறேன் என்பதன் இன்னொரு பெயர். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது நஷ்டக் கணக்கு, படித்தது நினைவில் படிவதற்குத் தூக்கம் வேண்டும்.

பணம் பெரிய தடையில்லை. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல், ஸ்வயம் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன, சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய இலவச மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன, ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் "நூலகம்" என்ற இணையதளம். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளுகுளுவென்று உட்கார்ந்து படிக்க இடம் தருகின்றன. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அவ்வளவு வசதி இருக்காது, ஆனால் அங்கே போன் அடிக்காத ஒரு மேசை இருக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. வேலைக்கோ விசாவுக்கோ கேட்டால் வாங்குங்கள். மற்றபடி லிங்க்ட்இன் சுவரில் மாட்டுவதற்காக வாங்கும் சான்றிதழ், வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு எட்டு கேள்விக்கு டிக் அடித்ததற்கான ரசீது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புத்தகமும் கொஞ்சம் வெற்றுத் தாளும் வாங்கலாம்.

எப்போது விடுவது

திரும்புங்கள் என்றேன், எல்லாவற்றுக்கும் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. சில ஆசைகள் நம்முடையவையே அல்ல. தெருவில் எல்லோரும் பைத்தான் படிக்கிறார்கள் என்று ஆரம்பித்தது, அண்ணன் மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள் என்று ஆரம்பித்தது என்று சில இருக்கும். நிறுத்தக் குறிப்பை எழுதி ஒரு வருடம் ஆகியும் அதைத் திறந்து பார்க்கவே தோன்றவில்லை என்றால், திறந்து பார்த்தும் பாக்கி இருந்த சந்தேகத்துக்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு வரவில்லை என்றால், குற்ற உணர்ச்சி இல்லாமல் விட்டுவிடுங்கள். புத்தகத்தை நூலகத்துக்கோ தேவைப்படுகிற வேறு ஒருவருக்கோ கொடுத்துவிடுங்கள், அலமாரியில் இருந்தால் முறைத்துக்கொண்டே இருக்கும்.

கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விடுகிறீர்களா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சோதனை உண்டு. அந்த விஷயத்தில் கெட்டிக்காரரான ஒருவரோடு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள். பேசி முடித்து வரும்போது கேட்பதற்கு இன்னும் இரண்டு கேள்விகள் கையில் இருந்தால் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள், செருகிவைத்த அந்தத் தாளை எடுத்து வெளியே வையுங்கள்.